ஆபரேஷன்தான் பண்ணியாச்சே!

வ. புதுப்பட்டியில் காலை பஸ்ஸுக்கு ஆள் கூடுகிற நேரம். இடுப்பில் நான்கு வயதுப் பிள்ளையோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒரு கருவி. அதிலிருந்து ஒரு சிறு வயர் ஏறி, தலைமுடிக்குள் ஒட்டியிருக்கும் வட்ட வில்லையில் முடிகிறது. பக்கத்தில் நிற்பவர் முதலில் கருவியைப் பார்ப்பார், பிறகு பிள்ளையைப் பார்ப்பார், கடைசியில் தாயைப் பார்த்துக் கேட்பார்: "ஆபரேசன்தான் பண்ணியாச்சே, இன்னும் பேச்சு வரலியா?"

கேட்பவர் கெட்டவர் இல்லை. அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி நம் நாட்டில் நிலவும் தவறான எண்ணம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பல் வலித்தால் பிடுங்குகிறோம், கண்ணில் புரை விழுந்தால் லென்ஸ் வைக்கிறோம், காது கேட்காவிட்டால் இதை வைக்கிறோம், அத்தோடு கதை முடிந்தது என்பது அந்த எண்ணம். பஸ் ஸ்டாப் ஆசாமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "இத்தனை குழந்தைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை" என்று எண்ணிச் சொல்லும் அரசு அறிக்கைகளும், "காது கேட்டது, குழந்தை சிரித்தது" என்று எழுதும் செய்தித்தாள்களும், தொலைபேசியில் சுற்றி வரும் வீடியோக்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். நம் பக்கத்துக் கூமாப்பட்டி ஒரே ரீலில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. ஒரு நிமிட வீடியோ எதை எதையோ நம்ப வைக்கும்.

நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. பிறவியிலேயே செவி கேளாத குழந்தைக்கு இது போல ஒரு வாய்ப்பை முந்தைய தலைமுறை கனவிலும் கண்டதில்லை. என் மறுப்பு ஒன்றே ஒன்றுதான்: இது வெறும் ஆபரேஷன் என்ற எண்ணத்தை மறுக்கிறேன். அறுவை நடப்பது ஒரு நாள் காலையில் இரண்டு மூன்று மணி நேரம். காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது அதற்கு முன்னும் பின்னும் பல வருடம் நடக்கும் வேலை. அந்த வேலையின் ஒரு காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். விட்டதன் விலையை நம் போன்ற ஊர்ப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காது செய்யும் வேலை தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். ஒலி செவிப்பறையை அதிர வைக்கிறது. அதன் பின்னால் உள்ள மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் எலும்புக் குழாய் இருக்கிறது. அதுதான் காக்ளியா. நீட்டிப் பிடித்தால் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். அதனுள்ளே நீர், நீருக்குள் வரிசையாக மயிர்ச் செல்கள். நாற்று மேல் காற்று அடித்தால் நாற்று சாய்வது போல, நீர் அலைந்தால் இந்தச் செல்களின் நுனி சாய்கிறது. சாய்ந்தவுடன் ஒரு மின்துடிப்பு பிறந்து நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. குழாயின் வாசல் பக்கம் கீச்சென்ற ஒலிகளுக்கு, சுருளின் உள் நுனி கனத்த ஒலிகளுக்கு. மூளைக்குச் செய்தி அனுப்பும் முக்கியமான உள்வரிசைச் செல்கள் ஒரு காதில் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு.

பிறவிச் செவிட்டுத்தன்மையில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது இந்தச் செல்கள்தான். நரம்பு நன்றாக இருக்கும், மூளை நன்றாக இருக்கும், இரண்டுக்கும் செய்தி அனுப்ப ஆள் இல்லை. சாதாரணக் காது மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. செல்கள் ஓரளவு மிச்சமிருந்தால் அது போதும். செல்லே இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வாங்க ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுவது போலத்தான். அங்கேதான் காக்ளியர் இம்ப்ளான்ட் வருகிறது. வெளியே காதில் மாட்டும் பிராசஸரில் மைக் இருக்கிறது. அது ஒலியை வாங்கி, பிரித்து, எண்களாக மாற்றுகிறது. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'காயில்' என்ற வட்ட வில்லை அந்தச் செய்தியையும் அதோடு மின்சக்தியையும் தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. தோலுக்கு அடியில் வைத்த பகுதிக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. அதிலிருந்து ஒரு மெல்லிய இழை காக்ளியாவுக்குள் போகிறது. இழையில் சின்னச் சின்ன மின்முனைகள். ஒரு கம்பெனியின் கருவியில் 22, இன்னொன்றில் 16, மற்றொன்றில் 12. இவை செல்களைத் தாண்டி நேரடியாக நரம்பைத் தூண்டுகின்றன.

கவனியுங்கள். மூவாயிரத்து ஐந்நூறு செல்கள் செய்யும் வேலையை அதிகபட்சம் இருபத்திரண்டு முனைகள் செய்கின்றன. நாகசுரத்தில் வாசித்த தோடியை ஆர்மோனியத்தில் கேட்டுப் பாருங்கள். ஸ்வரங்கள் இருக்கும், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வழுக்கிப் போகிற கமகம் இருக்காது. இந்தக் கருவி தருவது அந்த ஆர்மோனியக் காது. அதனால்தான் பேச்சை நன்றாகப் புரிந்துகொள்பவர்கள்கூட சங்கீதத்தில் தடுமாறுகிறார்கள், பத்துப் பேர் சேர்ந்து பேசும் கல்யாண வீட்டில் திணறுகிறார்கள், பங்குனிப் பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டிய தெருவில் ஒன்றும் பிடிபடாமல் நிற்கிறார்கள்.

இதைச் சொன்னதும் 'அப்படியென்றால் இது எதற்கு' என்று கேட்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். ஒலியின் நீளத்தையும் இடைவெளியையும் தாளத்தையும் இந்தக் கருவி நன்றாகவே கடத்தும். கோட்டை விடுவது சுருதியின் நுணுக்கத்தில். தமிழில் 'கல்' வேறு, 'கால்' வேறு. 'படம்' வேறு, 'பாடம்' வேறு. குறிலையும் நெடிலையும் பிரிப்பது மாத்திரை, அதாவது நேரம். நம் மொழியின் ஆதாரமான ஒரு வேறுபாடு கருவியின் பலமான பக்கத்தில் விழுகிறது. லகர, ளகர, ழகரம்தான் பாடுபடுத்தும். அது காது நன்றாகக் கேட்கிற நம்மில் பலரையே படுத்துகிறது என்பதால் பிள்ளையை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் ஆர்மோனியத்தைக் கொடுத்துவிட்டால் பாட்டு வந்துவிடுமா? என் வாதத்தின் நடு இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கருவியின் வரலாற்றைப் பாருங்கள். 1957இல் பாரிஸில் ஜுர்னோ, எய்ரியே என்ற இருவர் செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் ஒற்றை முனைக் கருவியைப் பொருத்தினார். பல முனைக் கருவியை 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பொருத்தினார். காது சரியாகக் கேட்காத தந்தையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சுருண்ட காக்ளியாவுக்குள் இழையை எப்படி நுழைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்து வழி கண்டார் என்பது பலரும் அறிந்த கதை. அவரிடம் முதலில் கருவி பொருத்திக்கொண்டவர், நடு வயதில் கார் விபத்தில் செவியை இழந்தவர். அதற்கு முன் நாற்பது வருடத்துக்கு மேல் கேட்டு, பேசி, பாட்டு ரசித்து வாழ்ந்தவர். அவருடைய மூளையில் மொழி முழுதாக இருந்தது. கருவி அதற்கு ஒரு புதிய வாசலைத் திறந்தது. அமெரிக்காவிலும் முதலில் அனுமதி கிடைத்தது பெரியவர்களுக்குத்தான். குழந்தைகளுக்கு அனுமதி வந்தது 1990இல்.

'காது திரும்பக் கிடைத்தது' என்ற பேச்சு இந்தப் பெரியவர்களிடமிருந்து பிறந்தது. அவர்கள் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்க என்ன இருக்கிறது? 'அம்மா' என்ற ஓசை எதைக் குறிக்கிறது என்பதுகூட இல்லை. ஓசை என்று ஒன்று உண்டு என்பதே அந்தப் பிள்ளைக்குப் புதுச் செய்தி. பெரியவர்களின் கதையை எடுத்துப் பிள்ளைகள் மேல் போர்த்திவிட்டோம்.

கருவியை முதன்முதலில் இயக்கும் 'சுவிட்ச் ஆன்' வீடியோக்கள் செய்வதும் இதைத்தான். டாக்டர் கணினியைத் தட்டுகிறார், குழந்தை விழிக்கிறது, தாய் அழுகிறாள். பார்க்கிற நாமும் அழுகிறோம், பகிர்கிறோம். குழந்தை விழித்தது ஒலியைக் கேட்டு. அதன் அர்த்தத்தைக் கேட்டு இல்லை. பல பிள்ளைகள் அந்த நிமிடத்தில் வீறிட்டு அழுது காயிலைப் பிடுங்கி எறிவார்கள். பல பிள்ளைகள் ஒன்றுமே காட்டாமல் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் இயல்பு. இவற்றை யாரும் வீடியோவாகப் போடுவதில்லை. போட்டால் லைக் விழாது.

ஒரு கணக்குப் போடுங்கள். கேட்கிற பிள்ளை தாயின் வயிற்றுக்குள்ளேயே ஓசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகு ஒரு வருடம் இராப்பகலாகத் தாலாட்டு, சண்டை, சந்தை, சாமி கும்பிடுதல் எல்லாம் கேட்ட பிறகுதான் ஒற்றைச் சொல்லை உதிர்க்கிறது. அந்த ஒரு வருடம் 'இன்னும் பேச்சு வரலியா' என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வயதில் இம்ப்ளான்ட் பெற்ற பிள்ளைக்கு நான்கு வயதில் செவியின் வயது ஒன்று. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்தப் பிள்ளையின் உடம்பைப் பார்த்து நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். அதன் செவிக்கு இப்போதுதான் முதல் பிறந்தநாள் வந்திருக்கிறது.

அந்தச் செவியின் வயதையும் விருப்பம் போலத் தள்ளிப் போட முடியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் அனு சர்மா, இம்ப்ளான்ட் பெற்ற குழந்தைகளின் மூளை ஒலிக்கு எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்று அளந்தார். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களில் பெரும்பாலோரின் மூளை சில மாதங்களில் கேட்கும் பிள்ளைகளின் அளவை எட்டிப்பிடித்தது. ஏழு வயதுக்கு மேல் பெற்றவர்களில் அது பெரும்பாலும் நடக்கவில்லை. ஒலி வராத இடத்தை மூளை சும்மா போட்டு வைப்பதில்லை. பார்வைக்கும் தொடுதலுக்கும் குடி வைத்துவிடுகிறது. புறம்போக்கு நிலம் மாதிரிதான். நாம் பட்டாவோடு போகிறபோது அங்கே வேறொருவர் வீடு கட்டியிருப்பார்.

இங்கே நம் ஊரின் இன்னொரு பழமொழித்தனமான பேச்சையும் மறுக்க வேண்டும். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், பொறுங்க." இந்த வாக்கியம் கெடுத்த பிள்ளைகள் கொஞ்சமில்லை. உலகில் இந்தத் துறையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி. நாம் மாதங்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் வருடங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கை தட்டியதும் குழந்தை திரும்புகிறதே என்று சாட்சி சொல்வார்கள். தட்டிய கையின் நிழலையும் காற்றையும் பார்த்துத் திரும்பும் குழந்தைகள் உண்டு. பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் ஒரு குட்டிக் குழாயை வைத்துச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனை சில நிமிட வேலை. அதில் சந்தேகம் வந்தால் 'பெரா' டெஸ்ட். தலையில் ஒட்டும் முனைகள் வழியே செவிநரம்பின் பதிலை அளப்பது. தமிழ்நாட்டில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் 'சந்தேகமா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னாலே அந்த வழி திறக்கும்.

கேளாமை உறுதியானாலும் நேராகக் கத்தி வைப்பதில்லை. முதலில் சில மாதங்கள் காது மெஷின் போட்டுப் பயிற்சி. அதில் பலன் இல்லை என்று தெரிந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன். காக்ளியா உருவாகியிருக்கிறதா, செவிநரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பே இல்லாத பிள்ளைக்கு இந்தக் கருவி உதவாது. பத்மஸ்ரீ மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் சென்னையில் செய்யும் மூளைத்தண்டு இம்ப்ளான்ட் அப்படிப்பட்டவர்களுக்கானது. அது தனிக் கதை. மூளைக்காய்ச்சல் அபாயத்தைத் தவிர்க்க நிமோகாக்கல் தடுப்பூசி போடுவார்கள். பிறகு அறுவை. காதின் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து, முகநரம்புக்கு மிக அருகே போகிற பாதையில் இழையைச் செலுத்த வேண்டும். நுட்பமான வேலை, தேர்ந்த கைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அறுவைக்காரர்களைக் குறைத்துப் பேச எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. காயம் ஆறி மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் சுவிட்ச் ஆன்.

அன்றைக்குத் தொடங்குகிற வேலையைப் பற்றி யாரும் பேனர் வைப்பதில்லை. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்கும், எவ்வளவுக்கு மேல் போனால் கூசும் என்று ஆடியாலஜிஸ்ட் அளந்து வைப்பதற்கு மேப்பிங் என்று பெயர். முதல் வருடம் அடிக்கடி, பிறகு குறைவாக, ஆனால் ஆயுளுக்கும் அது உண்டு. 'வலிக்குது', 'சத்தம் அதிகம்' என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் இதை அளப்பது லேசான காரியமில்லை. அதோடு கேட்டுப் பேசும் பயிற்சி. தெரபிஸ்ட் பயிற்றுவிப்பது உண்மையில் பிள்ளையை விடத் தாயைத்தான். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மையத்தில். மீதி விழித்திருக்கும் நேரம் முழுதும் வீட்டில். அரிசி களையும்போது 'அரிசி', தண்ணீர் ஊற்றும்போது 'தண்ணி', வாயைக் காட்டாமல், கையைக் காட்டாமல், காதுக்கு மட்டும், ஒரே சொல்லை நூறு தடவை.

'பேசுகிற பிள்ளைகளும் இருக்கிறார்களே, ரெகுலர் ஸ்கூலில் படிக்கிறார்களே, அவர்களுக்கு ஆபரேஷன்தானே பேச்சைக் கொடுத்தது' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் பால வித்யாலயா என்று ஒரு பள்ளி 1969 முதல் நடக்கிறது. சரஸ்வதி நாராயணசாமியும் வள்ளி அண்ணாமலையும் தொடங்கியது. கைக்குழந்தையிலிருந்து சேர்த்துக்கொண்டு, தாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஐந்து வயதுக்குள் பேச்சோடு சாதாரணப் பள்ளிக்கு அனுப்புவதை நோக்கமாகக் கொண்டது. அது தொடங்கியபோது பல முனை இம்ப்ளான்ட் புழக்கத்துக்கே வரவில்லை. வெறும் காது மெஷினை வைத்துக்கொண்டு அங்கே பிள்ளைகளைப் பேச வைத்தார்கள். கத்தி படாத காதோடு பேச்சு வந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: பிறவியில் கேளாத, மொழியே எட்டாத ஒருவருக்கு இருபத்தைந்து வயதில் மிக உயர்ந்த கருவியைப் பொருத்தினாலும் ஒலி வரும், பேச்சு வருவது அரிது. ஆபரேஷன் இல்லாமல் பேச்சு வந்ததற்கும், ஆபரேஷன் நடந்தும் பேச்சு வராததற்கும் சான்று இருக்கும்போது, பேச்சைக் கொடுப்பது ஆபரேஷன் என்று எப்படிச் சொல்வது? பயிற்சிக்குப் போதுமான ஒலி கிடைக்காத பிள்ளைகளுக்கு ஒலியைக் கொண்டுவந்து சேர்த்தது இம்ப்ளான்ட். அது பெரிய காரியம். ஆனால் அதுவரைதான் அதன் காரியம்.

அடுத்த வாதம்: அரசு இலவசமாகச் செய்து தருகிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்? தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட உரிமை உண்டு. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவைத் திறந்தன. மதுரை இராசாசி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே இது நடக்கிறது. ஒன்றிய அரசின் உதவிக் கருவித் திட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை என்று இதற்கு இடம் கொடுத்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் தலைக்குள் லட்சங்கள் மதிப்புள்ள கருவி போகிறது; இதை லேசாக நினைக்கக் கூடாது.

லேசாக நினைக்காதவர்கள்தான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். தோலுக்கு உள்ளே இருப்பது பல பத்தாண்டு உழைக்கும்படி செய்யப்பட்டது. வெளியே இருப்பது அப்படி இல்லை. வயர் பிள்ளையின் கையில் சிக்கி அறும். வியர்வை ஏறும், நம் வெயிலில் ஏறாமல் என்ன செய்யும்? இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். பேட்டரி தீரும். காயில் கெடும். சில வருடம் கழித்துக் கம்பெனி அந்த பிராசஸரின் உதிரி பாகங்களை நிறுத்தி, 'புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும். அதன் விலை லட்சத்தில் இருக்கும். கேரளத்தில் 'ஸ்ருதிதரங்கம்' திட்டத்தில் கருவி பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் சந்தித்த பிரச்சினை இதுதான். பழைய பிராசஸர்களை மாற்ற வழியில்லாமல் தவித்தார்கள், அரசு தலையிட வேண்டி வந்தது. கருவி நின்ற நிமிடம் பிள்ளை மறுபடியும் முழுச் செவிடு. லட்சங்கள் மதிப்புள்ள கருவி உள்ளே கிடக்கும், சில ஆயிரம் ரூபாய் கேபிள் வெளியே இல்லாமல்.

ஆபரேஷன் என்று நினைத்ததால்தான் கேபிளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஒழுங்காக எழவில்லை. புரை நீக்கிய கண்ணுக்கு மாதச் செலவு கிடையாதே!

அதே போலத்தான் தூரமும். காப்பீட்டில் அறுவைக்குப் பிந்தைய பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. மையம் எங்கே இருக்கிறது? வ. புதுப்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகக் கிருஷ்ணன்கோவில் வந்து பஸ் மாற வேண்டும். போக அரை நாள், வர அரை நாள், பிள்ளையோடு ஒரு துணை. தென்னந்தோப்பு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போகிறவர்களுக்கு இரண்டு பேருடைய அன்றைய கூலி போச்சு. மகளிர்க்குப் பஸ் இலவசம் என்பதும் எல்லாப் பஸ்ஸுக்கும் இல்லை. வாரம் ஒருமுறை என்று தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாகி, 'திருவிழா முடியட்டும்' என்று நின்றுபோவதைச் சோம்பேறித்தனம் என்று எழுதுவதற்கு முன் அந்தப் பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

பேச்சு வராவிட்டால் குற்றம் யார் தலையில்? பயிற்சி கொடுக்காத தாய். அதற்கும் முன்னால், 'இப்படிப் பெத்துப் போட்ட' தாய். சொந்தத்தில் கட்டுவதற்கும் பிறவிக் கேளாமைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் இரட்டிப்பாகக் கூடும் வாய்ப்பு அப்போது அதிகம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவில் கட்டியவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. இந்தியாவிலேயே உயர்ந்த அளவுகளில் ஒன்று. ஆனால் தாய்மாமனைக் கட்டு, அத்தை மகனைக் கட்டு, சொத்து வெளியே போகக் கூடாது என்று பந்தலில் உட்கார வைத்தது யார்? மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குறை தெரியும் என்று அறிவியல் சொல்கிறது. ஊர் மட்டும் ஒரு பக்கத்தையே பார்க்கிறது.

இனி, இந்த ஆபரேஷன் நம்பிக்கையின் மிகக் கொடிய பிள்ளை: 'இனிமே சைகை காட்டாதீங்க, காட்டினா பேச்சு வராது.' சைகை மொழியை எந்த அளவுக்கு, எப்போது சேர்ப்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை; ஒரு பக்கம் மட்டும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டுப் பேசும் பயிற்சி காதை முன்னிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவி பலன் தராத பிள்ளை, கேபிள் அறுந்து மாதக்கணக்கில் கிடக்கும் பிள்ளை, ஆறு வயது தாண்டித் திட்டத்துக்கு வெளியே விழுந்த பிள்ளை, இவர்களுக்கு என்ன மொழி? பேச்சும் இல்லை, சைகையும் கூடாது என்றால் பிள்ளை எந்த மொழியும் இல்லாமல் வளர்கிறது. செவி இல்லாதது குறை. மொழி இல்லாதது பேரழிவு. முதலாவதை நீக்குகிறேன் என்று இரண்டாவதைக் கொண்டுவந்து சேர்க்க யாருக்கும் உரிமை இல்லை.

சைகையைத் தோற்றவர்களின் மொழி என்று நினைப்பவர்கள் தெற்கே பாளையங்கோட்டையைப் பார்க்கட்டும். ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கினார். இன்றும் அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரைக்குப் பஸ் மாறுகிற அதே கிருஷ்ணன்கோவிலில், கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில், செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.டெக். படிப்பு நடக்கிறது. பஸ் ஸ்டாப்பில் கையால் பேசிச் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த மாணவர்களை நம் ஊர்க்காரர்கள் நாள் தவறாமல் கடந்து போகிறார்கள். கம்ப்யூட்டர் படிப்பவர்களை 'பாவம்' என்று சொல்லிவிட்டு.

மறுபக்கத்துக்காரர்களும் என்னைத் தங்கள் கட்சி என்று எண்ணிவிடக் கூடாது. 'தலைக்குள்ள கரண்ட் வைக்கிறாங்க, புத்தி பேதலிச்சுப் போகும், எதுக்கு வம்பு' என்று கேட்டு, பொன்னான இரண்டு வருடத்தைக் கரைத்து, பிள்ளையைச் சாமியாடியிடமும் நாக்கைக் கீறுபவரிடமும் கொண்டு போகிறவர்களைச் சொல்கிறேன். உள்ளே போகும் மின்சாரம் மிகச் சிறியது. அபாயம் எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லா அறுவைக்கும் உள்ள அபாயம் உண்டு; பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் உள்ளே காந்தம் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தி பேதலிக்காது. இது வெறும் ஆபரேஷன் இல்லை என்று நான் சொல்வது, ஆபரேஷன் வேண்டாம் என்பதற்காக இல்லை. வருடக்கணக்கான வேலை என்று தெரிந்து, சீக்கிரமாக, முழுத் தயாரிப்போடு இறங்க வேண்டும் என்பதற்காக.

மாற்று வழிகள் கற்பனையில் மட்டும் இல்லை. சென்னையிலுள்ள மெர்ஃப் என்ற காது மருத்துவ நிறுவனம் மாவட்டங்களில் துணை மையங்கள் வைத்து, இணையம் வழியாகவே மேப்பிங் செய்து காட்டியிருக்கிறது. பிள்ளை இங்கே, ஆடியாலஜிஸ்ட் அங்கே. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களும் வண்டிகளும் வருகின்றன. பேச்சுப் பயிற்சியும் அவற்றின் வேலைகளில் ஒன்று. அந்த வண்டி நம் வத்திராயிருப்பு வட்டாரத்துக்கு வாரத்தில் எந்த நாள் வரும், அதில் கேபிளும் காயிலும் இருக்குமா, அடுத்த பிராசஸருக்குப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும்? சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இதுவரை எத்தனை ஆபரேஷன் என்று கேட்டால் பதில் உடனே வரும். அவர்களில் எத்தனை பேர் இன்று காலை கருவியைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பஸ் ஸ்டாப்பில் விட்ட தாயிடம் வருகிறேன். அவள் வீட்டில் காலையில் முதல் வேலை அடுப்பு இல்லை. பிள்ளைக்குக் கருவியை மாட்டி, பின்னால் போய் நின்றுகொள்கிறாள். பிள்ளையின் முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணம், கையில் புளியங்கொட்டை. ஓசை கேட்டால் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். தெரபியில் சொல்லிக்கொடுத்த ஆறு ஓசைகள். கனத்ததிலிருந்து கீச்சு வரை, பேச்சுக்குத் தேவையான எல்லை முழுதும் இந்த ஆறுக்குள் அடக்கம். "ம்." கொட்டை விழுகிறது. "ஊ." விழுகிறது. "ஆ." "ஈ." "ஷ்." விழுகிறது. "ஸ்."

கை அப்படியே நிற்கிறது.

மைக் மூடியைத் துடைத்துப் பார்க்கிறாள். பேட்டரியை மாற்றிப் பார்க்கிறாள். மறுபடியும் "ஸ்." புளியங்கொட்டை கைக்குள்ளேயே இருக்கிறது. கீச்சு ஒலிகளுக்கான முனைகளின் அளவு மாறியிருக்கும். மேப்பிங்குக்குப் போக வேண்டும். சோற்றைக் கட்டிக்கொண்டு, தோப்பு வேலைக்கு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதற்காகத்தான் அன்றைக்கு அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.